கோட்டுக்கு வெளியே நின்று திட்டாதீர்கள்: கபடி கோச்சுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓமலூர், தாரமங்கலம் பக்கம் பொங்கலுக்கு நடக்கும் ராத்திரி கபடியில் இது பழகிய காட்சி. பாடப் போன பையன் பிடிபடுவான். எழுந்து மண்ணைத் தட்டுவதற்குள் கோச் கத்துவார்: "எதுக்குடா வந்த? வீட்லயே படுத்துக்க வேண்டியதுதான?" சுற்றி நிற்பது அவன் அப்பா, மாமா, கூடப் படிக்கிற பிள்ளைகள். பையன்களுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறவன் நான். நானும் இப்படிக் கத்தியிருக்கிறேன்.

பெரிய தவறு, ரெய்டு நடக்கும்போதே வாயைத் திறப்பது. எதிரணிப் பக்கம் போன ரைடருக்கு அவன் அணியைச் சேர்ந்தவர் யோசனை சொன்னால், எதிரணிக்குப் புள்ளி கொடுக்கக் கபடி விதியிலேயே இடமுண்டு. அதைக்கூட விடுங்கள். ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான். அதற்குள் விடாமல் பாட வேண்டும், கார்னரில் நிற்பவன் கால் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும், எதிரில் 6 பேராவது இருக்கிறார்களா, போனஸ் கோட்டைத் தாண்டிக் கூடுதல் புள்ளி (போனஸ்) எடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். நடுவில் நம் குரல் விழுந்தால் அவன் கண் நம் பக்கம் திரும்பும். அடுத்த முறை பயத்தில், ரெய்டு செல்லுபடியாகக் கட்டாயம் தாண்ட வேண்டிய பாக் லைனை மட்டும் தாண்டிவிட்டு ஓடி வந்துவிடுவான். துணிந்து போனஸ் எடுக்கிற பையனை நாமேதான் கெடுக்கிறோம்.

சத்தமே போடக் கூடாது என்பதில்லை. தடுப்பில் நிற்கும்போது, விசில் சத்தத்துக்கு நடுவே "செயினை விடாத!" (கோத்த கையை விடாதே) என்பதை உரக்கத்தான் சொல்ல வேண்டும். அது ஆட்டத்துக்கான சொல். "உனக்கெல்லாம் எதுக்கு ஜெர்சி?" என்பதால் யாருக்கும் பிடி இறுகாது.

ஆட்டத்தில் தெரிந்த குறையை ஆட்டத்திலேயே சரி செய்ய நினைப்பதும் தவறு. நம் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜன் 2015-ல் ரஞ்சியில் அறிமுகமான கையோடு, அவர் பந்து வீசும் முறை மீது சந்தேகம் வந்தது. அதை மாற்றிக்கொண்டு 2020 டிசம்பரில் இந்தியாவுக்கே ஆடினார். கை பழகியதை மாற்றப் பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஓரத்தில் நின்று கத்தினால் வராது.

தோற்றதும் வேனில் ஏறும் முன்பே கணக்குக் கேட்காதீர்கள். மறுநாள் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ரெய்டுல என்ன பார்த்த?" என்று அவனைப் பேச விடுங்கள்.

சரி, ஏற்கெனவே திட்டியாகிவிட்டதா? போன தை மாதம் நான் திட்டிய பையன் மறுநாள் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தேன். அப்புறம் டீம் மொத்தமும் நிற்கும்போது, "அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றேன். தனியாகச் சொன்னால் போதாது. திட்டியது எல்லோர் முன்னாலும்தானே.