ஆஸ்திரேலியக் கைதியின் வாழ்க்கையை எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிட்னியின் மேற்கே டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். 1791ல் டூங்காபியில் அரசுப் பண்ணை ஒன்று தொடங்கியதும், இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள் அங்கே மண்வெட்டியால் நிலத்தைக் கொத்தியதும் தெரிய வரும்போது பலருக்கு ஆர்வம் பற்றிக்கொள்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்காகவோ, மருமகளின் குடும்ப வரலாற்றுக்காகவோ ஒரு கைதியைத் தேர்ந்தெடுத்து எழுத ஆரம்பிக்கிறார்கள். எழுதியதை என்னிடம் காட்டுகிறார்கள். இந்த ஆவணங்களோடு பல வருடங்களாகப் புழங்குகிறேன். பழைய ஆட்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் புதிதாக வருபவர்களும் விழுகிறார்கள். பெயரில் எழுத்துப்பிழை, தேதி மாறிப்போவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

பெயரை மட்டும் நம்பிப் போவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இந்த ஒன்றுதான்.

1788 முதல் 1868 வரை எண்பது ஆண்டுகளில் 1,60,000க்கும் அதிகமானவர்கள் தீவாந்தர தண்டனை பெற்று ஆஸ்திரேலியா வந்தார்கள். அவர்களில் எத்தனை ஜான் ஸ்மித், எத்தனை வில்லியம் ஜோன்ஸ் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குமாஸ்தாக்களுக்கே இது தலைவலிதான். அதனால் கைதியின் பெயரை எழுதும்போதெல்லாம் அவர் வந்த கப்பலையும், வந்த ஆண்டையும் சேர்த்தே எழுதினார்கள். நம் ஊரில் ஐந்து முருகன் இருந்தால் கீழத்தெரு முருகன், டீக்கடை முருகன் என்போமே, அப்படி. கைதிக்குக் கப்பல்தான் தெருப்பெயர். தண்டனை முடிந்து, கல்யாணம் ஆகி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அரசாங்கக் காகிதத்தில் அந்தக் கப்பல் அவரை விடாது.

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மருமகள் வழி மூதாதையான ஒரு வில்லியம் ஜோன்ஸைப் பற்றி எழுதி, பேரனுக்குக் கொடுக்க அழகாக அச்சடித்தும் விட்டார். அப்புறம்தான் என்னிடம் கொண்டுவந்தார். அந்தப் புத்தகத்தில் வில்லியம் ஜோன்ஸ் 1828ல் விண்ட்ஸரில் செருப்புத் தைக்கிறார். அதே ஆண்டு, மலைகளுக்கு அப்பால் பாதர்ஸ்ட்டில் ஒருவரிடம் மாடு மேய்க்கிறார். 'வேலை தேடி அலைந்திருக்க வேண்டும்' என்று பெரியவரே ஒரு காரணமும் எழுதியிருந்தார். ஒரு காகிதத்தில் உயரம் 5 அடி 3 அங்குலம், இன்னொன்றில் 5 அடி 9 அங்குலம். ஒருவருக்கு 7 ஆண்டு தண்டனை, மற்றவருக்கு ஆயுள். அவர்கள் இரண்டு ஆட்கள். 1828 நவம்பரில் எடுத்த மக்கள் கணக்கெடுப்பில் பெயர், வயது, கைதியா இல்லையா என்பதற்கு அடுத்த கட்டத்திலேயே கப்பல் இருக்கிறது. இரண்டு வரியிலும் வேறு வேறு கப்பல். அந்தக் கட்டம் தேவையில்லாத விவரம் என்று பெரியவர் படியெடுக்கவே இல்லை.

அதோடு முடியவில்லை. புத்தகத்தைப் பார்த்த ஒரு சொந்தக்காரர் அதை இணையத்தில் வம்ச மரமாக ஏற்றினார். அதைப் பார்த்து வேறு குடும்பங்களும் படியெடுத்தன. பிறந்தே இராத ஒரு வில்லியம் ஜோன்ஸுக்கு இன்று ஊர்ப்பட்ட வாரிசுகள். ஒருவர் வாங்கிய கசையடி இன்னொருவர் முதுகில் விழுந்திருக்கிறது, ஒருவருடைய குழந்தைகள் வேறொருவர் வீட்டில் வளர்கிறார்கள். இதைத் திருத்தச் சொல்லி எழுதினால் பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. உண்மையில் வாழ்ந்த இரண்டு மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம் இது. கப்பல் கட்டத்தை ஒருமுறை பார்த்திருந்தால் நடந்தே இருக்காது.

சரி, என்ன செய்வது? எந்த ஆவணத்தைத் திறந்தாலும் முதலில் கப்பலையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் மட்டும் போதாது, ஒரே கப்பல் பலமுறை வந்திருக்கும். 'சர்ரி' 1814 முதல் 1842 வரை 11 முறை கைதிகளை ஏற்றிவந்தது. அடுத்து, கைதிகள் வந்திறங்கியபோது எழுதிய பட்டியலில் உயரம், கண் நிறம், சொந்த ஊர், தொழில், பச்சை குத்தியிருந்தால் எந்தக் கையில் என்ன எழுத்து என்பது வரை இருக்கும். தொடக்க காலப் பட்டியல்களில் இவ்வளவு இருக்காது, பிந்தியவற்றில் கிடைக்கும். கப்பல், ஆண்டு, உயரம், ஊர் நான்கும் ஒத்துப்போகாமல் இரண்டு காகிதங்களை ஒரே ஆளுக்குச் சேர்க்காதீர்கள்.

பெண்களுக்கும் கப்பல்தான் கை கொடுக்கும். கணவர் பெயரில் ஊரே அழைத்தாலும் அரசுப் பதிவில் பழைய பெயரே தொடர்வது உண்டு. பெயரை மாற்றிச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். இன்று 20 டாலர் நோட்டில் இருக்கும் மேரி ரீபி, பதின்மூன்று பதினான்கு வயதில் குதிரை திருடிப் பிடிபட்டபோது ஆண்பிள்ளை வேடத்தில், ஜேம்ஸ் பரோ என்ற பெயரில் இருந்தார். 'ரீபி' என்று வழக்குப் பதிவில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அது திருமணத்தால் வந்த பெயர்.

தண்டனையைக் கரையிறங்கிய நாளிலிருந்து எண்ணுவது

ஏழு ஆண்டு என்றால் தீர்ப்பு நாளிலிருந்து ஏழு ஆண்டு. ஜேம்ஸ் ரூஸ் என்ற கைதிக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலில் 1782ல் ஏழு ஆண்டு தண்டனை விழுந்தது. பல ஆண்டுகளைப் பிளிமத்தில் நங்கூரமிட்டிருந்த 'டன்கர்க்' என்ற பழைய கப்பல் சிறையில் கழித்துவிட்டு, 1788 ஜனவரியில் முதல் தொகுதிக் கப்பல்களில் வந்தார். அடுத்த ஆண்டே தண்டனை முடிந்துவிட்டது. ஆனால் யாருக்கு எப்போது தண்டனை முடிகிறது என்று காட்டும் காகிதங்கள் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டன, ஆளுநர் பிலிப் கையில் ஒன்றும் இல்லை. விடுதலை ஆக வேண்டியவர்கள் தங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் நின்ற காலம் அது. நாள் கணக்கைத் தவறாகப் போட்டால் இந்தக் கொடுமை உங்கள் எழுத்தில் வராமலே போய்விடும்.

இன்னொன்று: தண்டனை முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார் என்று ஆதாரமில்லாமல் எழுதாதீர்கள். திரும்பிப்போக அரசாங்கம் கப்பல் கட்டணம் தரவில்லை. பெரும்பாலானவர்கள் இங்கேயே மண்ணானார்கள்.

எல்லோரும் ஒரு ரொட்டியைத் திருடியதற்காக வந்தவர்கள் என்று எழுதுவது

வழக்கைப் படியுங்கள். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்ற விசாரணைகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மேரி வேட் என்ற சிறுமிக்கு 1789 ஜனவரியில் மரண தண்டனை விதித்தார்கள், அப்போது வயது பதினொன்று. பிறகு அது நாடுகடத்தலாக மாறி, 'லேடி ஜூலியானா' கப்பலில் 1790ல் சிட்னிக்கு வந்தார். படிக்கும்போது மனது பதறும். ஆனால் இன்னொரு சிறுமியுடன் சேர்ந்து மேரி உடுப்பைப் பறித்தது எட்டு வயதுப் பிள்ளையிடம். அந்த எட்டு வயதுப் பிள்ளையும் கதையில் இருக்க வேண்டும். மேரியை அப்பாவி ஆக்கவும் வேண்டாம், பேய் ஆக்கவும் வேண்டாம். சிறுமியைத் தூக்குமேடைக்கு அனுப்பப் பார்த்த சட்டத்தின் கொடூரம் அப்போதும் குறையாது.

டிக்கெட் ஆஃப் லீவை விடுதலை என்று நினைப்பது

தண்டனை முடியுமுன்பே கைதிக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு அது, விடுதலை இல்லை. சொந்தமாக வேலை செய்து சம்பாதிக்கலாம். ஆனால் குறிப்பிட்ட மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாது, ஆள் கணக்கெடுப்புக்கு வந்து நிற்க வேண்டும், தவறினால் பிடுங்கிக்கொள்வார்கள். நிபந்தனை மன்னிப்பு பெற்றவர் சுதந்திரமானவர், ஆனால் பிரிட்டனுக்குத் திரும்பக் கூடாது. முழு மன்னிப்பில் அந்தத் தடையும் இல்லை. தண்டனைக் காலம் முடிந்தவருக்கு விடுதலைச் சான்றிதழ். ஆயுள் தண்டனைக்காரருக்குக் காலம் முடிவதே இல்லை என்பதால் அவருக்கு அது கிடையாது, மன்னிப்பு ஒன்றுதான் வழி.

எல்லாரையும் போர்ட் ஆர்தருக்கு அனுப்புவது

டாஸ்மேனியாவில் இருந்த கைதிகள் முகாம் அது. 1830க்கு முன் அப்படி ஒரு முகாமே இல்லை.

1850க்குப் பிறகு வந்தவரைச் சிட்னியில் தேடுவது

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது 1840ல் நிறுத்தப்பட்டது. டாஸ்மேனியாவுக்கு 1853ல். அதற்குப் பிறகு மேற்கு ஆஸ்திரேலியாதான்.

எல்லாப் பயணமும் நரகம் என்று எழுதுவது

1790ல் வந்த இரண்டாம் தொகுதிக் கப்பல்கள் நரகம்தான், நான்கில் ஒருவர் கடலிலேயே செத்தார். ஒப்பந்தக்காரர்களுக்குப் பணம் ஏற்றிய தலைக்கு, உயிரோடு இறக்கிய தலைக்கு அல்ல. ஆனால் 1815 வாக்கில் கப்பலுக்கு ஒரு மருத்துவக் கண்காணிப்பாளரை நியமித்த பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. அந்த மருத்துவர்களின் நாட்குறிப்புகள் நிறையவே தப்பிப் பிழைத்திருக்கின்றன. உங்கள் ஆள் வந்த கப்பலின் நாட்குறிப்பைத் தேடுங்கள்.

'காலி நிலம் கிடைத்தது' என்று எழுதுவது

ஜேம்ஸ் ரூஸுக்குப் பரமட்டாவில் 30 ஏக்கர் கொடுத்தார்கள் என்று பெருமையாக எழுதுகிறோம். அது புரமட்டகல் மக்களின் நிலம். 1789ல் சிட்னியைச் சுற்றிப் பரவிய பெரியம்மை பூர்வகுடிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றிருந்தது. மிஞ்சியவர்கள் சும்மா விட்டுக்கொடுக்கவும் இல்லை. 1797ல் பெமுல்வுய் என்ற பூர்வகுடிப் போராளி தன் ஆட்களோடு டூங்காபி அரசுப் பண்ணையையே தாக்கினார், அதன் தொடர்ச்சியாகப் பரமட்டாவில் சண்டை நடந்தது. கைதிக்கு நிலம் கிடைத்த பத்தியில் எந்த மக்களிடமிருந்து அது எடுக்கப்பட்டது என்பதும் வர வேண்டும். உள்ளூர் நூலகத்தின் வரலாற்றுப் பிரிவில் கேட்டால், அந்த நிலத்துக்குரிய மக்களின் பெயரைத் தேட உதவுவார்கள்.