பல் கிளினிக்கின் ஆண்டு இலக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு கோரமங்களாவில் கிளினிக் திறந்து இரண்டு ஆண்டுகளே ஆன ஒரு ஜூனியர், புதிய நிதியாண்டுக்கான இலக்கை என்னிடம் காட்டினார். தாளில் ஒரே ஓர் எண் இருந்தது: சென்ற ஆண்டு வசூலைப் போல இரண்டு மடங்கு. அல்சூரில் என் கிளினிக்கின் சுவரிலும் ஒரு காலத்தில் அதே போன்ற தாள் ஒட்டப்பட்டிருந்ததால், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கு எழுதாமல் விடுவது போன்ற தவறுகளை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

முன்பணத்தை வருமானமாக எண்ணுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அந்த ஆண்டு இலக்கை எட்டியே தீர வேண்டும் என்று, கிளிப் போட வருபவர்கள் முழுத் தொகையையும் முதலிலேயே கட்டினால் 5,000 ரூபாய் குறைப்பதாகச் சொன்னேன். அக்டோபர் தொடக்கத்திற்குள் 20 பேர் தலைக்கு 40,000 ரூபாய் கட்டினார்கள். 8 லட்சம் கைக்கு வந்தது. சுவரில் இருந்த எண்ணைத் தாண்டிவிட்ட துணிச்சலில் நோயாளியைச் சாய்த்துச் சிகிச்சை செய்யும் சேர் இரண்டாவதாக ஒன்றையும் வாங்கிப் போட்டேன்.

கிளிப் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் நடக்கும். இவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் என்று திட்டமிட்டிருந்தேன். மார்ச் முடிந்தபோது ஒவ்வொருவருக்கும் 18 மாத வேலை மிச்சமிருந்தது. மாதம் ஒரு முறை என்றாலும் மொத்தம் 360 வருகைகள், வருகைக்கு 20 நிமிடம் என்றால் 120 மணி நேரம். அத்தனை நேரத்திற்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை; வந்துபோகும் நிபுணருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் நான் பணம் கொடுத்தாக வேண்டும். இது போதாதென்று, அடுத்த ஆண்டு இலக்கையும் அந்த வீங்கிய எண்ணின் மேலேயே வைத்தேன்.

தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேரான இம்பிளான்ட்டிலும் இதே கதைதான். எலும்போடு அது ஒட்டுவதற்கு ஏறக்குறைய 3 முதல் 6 மாதம் ஆகும் என்பதால், பிப்ரவரியில் வாங்கிய பணத்திற்கான கேப்பும் லேப் பில்லும் அடுத்த நிதியாண்டில்தான் வந்து விழும்.

இப்போது என்னிடம் இரண்டு நோட்டுகள் உள்ளன: ஒன்றில் வாங்கிய பணம், மற்றொன்றில் முடித்த வேலை. இலக்கு இரண்டாவது நோட்டுக்கு மட்டுமே. அந்த நோட்டை எழுதத் தொடங்கிய பிறகுதான், வேர் சிகிச்சையில் வலி நின்றவுடன் கேப் போட வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது எனக்கே தெரிந்தது. கேப் இல்லாத கடைவாய்ப் பல் ஒரு நாள் பிளந்துவிட்டால் பழி நம்மீதுதான் விழும். ஆகவே, புதிய நோயாளிகளைத் தேடுவதற்கு முன் இவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். ஜூனியரிடம் அவருடைய வசூலில் முன்பணம் எவ்வளவு என்று கேட்டேன். பிரித்துப் பார்த்ததில்லை என்றார்.

ஆண்டைப் பன்னிரண்டால் வகுப்பது

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அல்சூர், மர்பி டவுன் நோயாளிகள் பலர் ஓசூர் சாலையில் ஊருக்குப் போகும் பேருந்தில் இருப்பார்கள். ஜூலையில் "ஆடி போகட்டும், டாக்டர்" என்பார்கள். பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகளோடு வந்து நிற்பார்கள்.

சேரைக் கூட்டுவது

இருக்கும் சேர் நாளில் எவ்வளவு நேரம் காலியாகக் கிடக்கிறது என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். நான் மிகவும் தாமதமாக எழுதிப் பார்த்தபோது, 8 மணி நேரத்தில் 3 மணி நேரம் காலியாக இருந்தது. மேலும், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் 15 நிமிடம் நின்றாலும், சூடேறுவதற்கும் உலர்வதற்கும் சேர்த்தால் நேரம் மிகவும் நீளும். கருவி செட்டுகளைக் கூட்டாமல் சேரை மட்டும் கூட்டினால், நோயாளி வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பார்.

பக்கத்துக் கிளினிக்கின் வசூலைப் பார்த்து இலக்கு வைப்பது

அவர்களுடைய வாடகை உங்களுக்குத் தெரியாது.

ஊழியர்களிடம் எண்ணைச் சொல்வது

வரவேற்பில் இருந்த பெண்ணிடம் வசூல் இலக்கைச் சொன்ன அதே வாரத்தில், பல் சுத்தம் செய்ய வந்த ஒரு பெரியவருக்கு அவர் இம்பிளான்ட் விலைப்பட்டியலை விளக்கியிருக்கிறார். பெரியவர் பிறகு வரவே இல்லை.