காலையில் வரும் மூட்டு விறைப்பைக் கொஞ்ச நேரம் தள்ளி வைப்பது எப்படி? முடக்குவாதத்துக்குப் புதியவர்களுக்கு

முடக்குவாதம் (ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று சொல்லி டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்த முதல் சில வாரங்கள்தான் ரொம்பச் சிரமம். அந்த மாத்திரை சரியாக வேலை செய்ய 6 முதல் 12 வாரங்கள் பிடிக்கும். அதுவரை காலையில் பால் பாக்கெட்டின் மூலையைக் கிழிக்க வராது, சட்டைப் பட்டன் போட வராது, கேஸ் ஸ்டவ்வைத் திருப்பக்கூட யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும். அந்த வாரங்களைச் சமாளிக்கத்தான் கீழே உள்ளவை. எதுவும் நோயைக் குணப்படுத்தாது. கொஞ்ச நேரத்துக்குக் கை நம் சொல் பேச்சைக் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் எவ்வளவோ செய்யலாம்.

படி 1: கடிகாரத்தைப் பாருங்கள்

எழுந்த நேரத்தையும், விரல்கள் ஓரளவு தாராளமாக மடங்கிய நேரத்தையும் காலண்டர் தாளில் குறித்துவையுங்கள். இடைப்பட்ட நேரம்தான் உங்கள் விறைப்பு. மூட்டுத் தேய்மானத்தில் இது பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் இழுக்கும். அடுத்த முறை டாக்டர் முதலில் கேட்பதே இதைத்தான்.

ஏன் காலையில் மட்டும் இப்படி? அழற்சியை, அதாவது மூட்டு வீங்கிச் சிவந்து வலிப்பதை, அடக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் உடலில் நள்ளிரவையொட்டி மிகக் குறைவாக இருக்கும். அழற்சியைத் தூண்டும் ஐ.எல்-6 போன்ற புரதங்கள் விடியற்காலையில் ஏறும். கார்டிசாலும் விடியும்போது ஏறத்தான் செய்கிறது, ஆனால் முடக்குவாதக்காரர்களுக்கு அது போதுவதில்லை.

படி 2: வெந்நீர்

எல்லாவற்றிலும் எளிது இதுதான், அதனாலேயே பலர் இதைச் சரியாகச் செய்வதில்லை.

வேலை முந்தின இரவே தொடங்குகிறது. விறைத்த கையோடு காலையில் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினால் கொட்டிக்கொள்வோம். ஃபிளாஸ்கில் வெந்நீர் நிரப்பி வைத்துவிட்டுப் படுங்கள். திருகு மூடி வேண்டாம், காலையில் திறக்க முடியாது. மேலே அழுத்தும் பம்ப் ஃபிளாஸ்க் என்றால் உள்ளங்கையாலேயே அழுத்திவிடலாம். பக்கத்தில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர், இரண்டு கையும் மணிக்கட்டு வரை முழுகும் அளவுக்கு வாயகன்ற பேசின். மோதிரத்தை இரவே கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறும் நாளில் அது விரலை இறுக்கும்.

காலையில் பேசினில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையை விட்டுச் சூடு பாருங்கள். இதமான சூடு, அதாவது 38 முதல் 40 டிகிரி செல்சியஸ், போதும். சர்க்கரை நோயால் கை மரத்துப்போனவர்கள் வேறொருவரைச் சூடு பார்க்கச் சொல்வது நல்லது.

பத்து நிமிடம் கை தண்ணீரில் இருக்கட்டும். கல்லுப்பு போடலாமா என்று கேட்பார்கள். போடுங்கள், தப்பில்லை, ஆனால் வேலை செய்வது சூடுதான். பிசியோதெரபி மையங்களில் கொடுக்கும் மெழுகு ஒத்தடமும் இதே கதை, சூடு இன்னும் நீடிக்கும். அதை வீட்டில் அடுப்பில் மெழுகு உருக்கி முயலாதீர்கள்.

படி 3: தண்ணீருக்குள்ளேயே விரல்களை அசையுங்கள்

முதலில் ஐந்து விரலையும் நேராக நீட்டுங்கள். அடுத்து, அடி மூட்டை மடக்காமல் மேல் இரண்டு மூட்டுகளை மட்டும் கொக்கி போல் வளையுங்கள். அப்புறம் முழுதாக மூடுங்கள், ஆனால் இறுக்க வேண்டாம். கடைசியில் கட்டை விரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். சுண்டுவிரல் எட்டவில்லை என்றால் எட்டிய வரை போதும். ஒவ்வொன்றும் ஐந்து தடவை.

சூட்டின் பலன் கொஞ்ச நேரத்தில் போய்விடும், அசைவின் பலன் சேர்ந்துகொண்டே வரும். பிரிட்டனில் முடக்குவாதம் உள்ள 490 பேரிடம் நடத்திய கைப்பயிற்சி ஆய்வு 2015-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு முறையான கைப்பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு ஓராண்டு கழித்துக் கையின் செயல்திறன் கூடுதலாக மேம்பட்டிருந்தது. ஆனால் மூட்டு சிவந்து வீங்கிய நாளில் பந்தைப் பிசைவது போன்ற பலப் பயிற்சி வேண்டாம்.

படி 4: தொட்டால் சுடுகிற மூட்டுக்கு ஐஸ்

விறைப்புக்குச் சூடு, கொதிக்கும் வீக்கத்துக்குக் குளிர்ச்சி. ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி பத்து நிமிடம் வையுங்கள். குளிரில் விரல் வெளுத்து நீலம் பாரிக்கிறவர்களுக்கு இது ஆகாது.

படி 5: சிரிப்பு

கிண்டல் இல்லை. ஜப்பானில் முடக்குவாதம் உள்ள பெண்களை உட்காரவைத்து, ராகுகோ என்ற அவர்களுடைய நகைச்சுவைக் கதைசொல்லலைக் கேட்கச் செய்தார்கள். கேட்ட பிறகு வலியும் குறைந்திருந்தது, ரத்தத்தில் ஐ.எல்-6 அளவும் இறங்கியிருந்தது. 1996-இல் வெளியான சிறிய ஆய்வு, பெரிதாக நம்பிவிட வேண்டாம். ஆனாலும் கையை வெந்நீரில் வைத்திருக்கும் பத்து நிமிடத்துக்கு எதிரே ஒரு வடிவேலு காமெடி ஓடினால் என்ன நஷ்டம்?

படி 6: விரதம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

பட்டினி கிடக்கும் நாட்களில் மூட்டு லேசாக இருக்கிறது என்று சிலர் சொல்வது கற்பனை இல்லை. சாப்பிடாமல் இருக்கும்போது அழற்சி தற்காலிகமாகத் தணியும். பழையபடி சாப்பிடத் தொடங்கியதும் வலி திரும்பிவிடும். நார்வேயில் 7 முதல் 10 நாள் உபவாசம் இருக்கவைத்து, அதன்பின் ஓராண்டு சைவ உணவு கொடுத்துப் பார்த்தார்கள். உபவாசத்துக்குப் பின் சாப்பாட்டையும் மாற்றிய அந்தக் குழுவில் முன்னேற்றம் நிலைத்ததாக 1991-இல் எழுதினார்கள். நீங்களாக இதில் இறங்காதீர்கள். வெறும் வயிற்றில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை போட்டால் வயிறு புண்ணாகும், சர்க்கரை மாத்திரை போடுபவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

படி 7: வலி திடீரென்று அடியோடு போனால் சந்தேகப்படுங்கள்

1929-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் ஒரு விந்தையைக் கவனித்தார். முடக்குவாத நோயாளி ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தது, மூட்டு வலி விலகியது. கர்ப்பகாலத்திலும் பல பெண்களுக்கு இப்படி நடப்பதைப் பின்னர் பார்த்தார். உடலே ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்று தேடியவர், சக ஆய்வாளர் எட்வர்ட் கெண்டலோடு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டில் வந்து நின்றார். 1948 செப்டம்பரில் முதல் ஊசி போட்டார்கள். நடக்கவே திணறிய பெண் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-இல் நோபல் பரிசு. பக்கவிளைவுகளும் கூடவே வந்தன.

இந்தப் பழங்கதை இன்றைக்கும் தேவைப்படுகிறது. லேபிள் இல்லாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடியைச் சாப்பிட்டு இரண்டே நாளில் வீக்கம் வற்றினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

கர்ப்பத்தில் வலி குறைந்த பெண்களுக்குப் பிரசவமான சில மாதங்களில் அது திரும்புவது வழக்கம், அதற்குள் மூட்டு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் மெத்தோட்ரெக்ஸேட்டை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு முறைதான், தினமும் இல்லை. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கிச் சிவந்து, கூடவே காய்ச்சலும் அடித்தால் வெந்நீர், ஐஸ் எதுவும் வேண்டாம். மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.