முதல் கோல்ஃப் செட்: நாளைய ஆட்டத்துக்கு இன்றே வாங்காதீர்கள்

போன வாரம் பயிற்சி ரேஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு இளைஞர் நின்றார். ஆடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறதாம். பையிலிருந்து அவர் உருவிய 7 அயர்ன் (இரும்புத் தலை வைத்த கிளப், அதாவது மட்டை) கத்தி மாதிரி மெல்லிசாக, கண்ணாடி போலப் பளபளத்தது. அடித்தார். பந்து இடுப்பு உயரத்துக்கு மேல் எழும்பாமல் வலப்பக்கம் ஓடியது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது அடிக்குப் பிறகு கையை உதறிக்கொண்டார். அந்த வலி எனக்குத் தெரியும். நானும் அதே மாதிரி ஒரு செட்டில்தான் தொடங்கினேன்.

"ஏன் சார் இதை எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நல்லா ஆட ஆரம்பிச்சதும் மறுபடி மாத்த வேண்டாமே, அதான்."

என் முதல் செட்டை வாங்கியபோது நான் சொன்னதும் எழுத்து மாறாமல் இதுதான். முதல் செட் வாங்கும்போது நேரும் இந்த மாதிரித் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். பட்ஜெட்டை மீறாதீர்கள், இடக்கைக்காரர் வலக்கை செட் வாங்காதீர்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும்.

வளர்ந்த பிறகு பொருந்தும் என்ற கணக்கு

குழந்தைக்கு ஒரு சைஸ் பெரிய சட்டை எடுத்தால் அடுத்த வருடம் சரியாகிவிடும். கோல்ஃப் கிளப்பில் அந்தக் கணக்கு செல்லாது. சட்டை பெரிதென்று குழந்தையின் உடம்பு கோணிக்கொள்வதில்லை. கிளப் பொருந்தாவிட்டால் ஆடுபவரின் உடம்பு கோணிக்கொள்ளும்.

நான் வாங்கியவை பிளேடு அயர்ன்கள் (பின்புறம் குடையாத மெல்லிய தலை), ஸ்டிஃப் அதாவது விறைப்பான ஸ்டீல் ஷாஃப்ட் (தண்டு). பழைய செட்தான், ஆனாலும் விலை லேசானதல்ல. பிளேடில் தலையின் எடை நடுப்பகுதியிலேயே திரண்டிருக்கும். பந்து நடுவில் பட்டால் வெண்ணெயை வெட்டுவது போல இருக்கும். அரை அங்குலம் தள்ளிப் பட்டால் தலை திருகிக்கொள்ளும், தூரம் குறையும், அதிர்வு முழங்கை வரை ஏறும். புதிதாக ஆடுபவருக்குப் பந்து நடுவில் படுவதே அபூர்வம். கேவிட்டி பேக் வகையில் பின்புறத்தைக் குடைந்து அந்த எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். அதனால் தள்ளிப் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. பிங் நிறுவனத்தைத் தொடங்கிய பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் 1960களில் இந்த யோசனையை அயர்ன்களுக்குக் கொண்டுவந்து பரப்பினார். இன்று தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே பலர் கேவிட்டி பேக் வைத்து ஆடுகிறார்கள். நான் மட்டும் "அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு" என்று மூக்கைச் சுளித்தேன். அப்போது எனக்கு வயது ஒன்றும் குறைவில்லை.

ஷாஃப்ட் இன்னும் மோசம். நெடுந்தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரில் என் ஸ்விங் வேகம் மணிக்கு 85 மைலைத் தாண்டியதில்லை. ஸ்டிஃப் என்பது ஏறக்குறைய 95 மைலுக்கு மேல் வீசுபவர்களுக்கானது. மெதுவாக வீசுகிறவரின் கையில் அது வளைந்து கொடுக்காது. பந்து எழும்பாது, வலக்கைக்காரராக இருந்தால் பெரும்பாலும் வலப்பக்கம் போகும்.

போனது செட்டின் விலை மட்டுமல்ல. பந்து எழும்பவில்லையே என்று, படும் நொடியில் மணிக்கட்டை மேலே சுண்டப் பழகினேன், கரண்டியால் அள்ளுவது மாதிரி. வலப்பக்கம் போகிறதே என்று பிடியைத் திருப்பித் திருப்பி வைத்தேன். ஒரு வருடத்தில் பந்து ஒருவாறு நேராகப் போனது. தேறிவிட்டேன் என்றே நினைத்தேன். அப்புறம் ஒருநாள் நண்பரின் கேவிட்டி பேக் 7 அயர்னை, ரெகுலர் ஷாஃப்ட் (ஸ்டிஃபைவிட எளிதில் வளைவது), வாங்கி அடித்தால் பந்து இடப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் விழுந்தது. அடுத்த நான்கும் அங்கேதான். பார்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் சொன்னார்: "கிளப் சரியாத்தான் இருக்கு. நீங்க இன்னும் பழைய கிளப்புக்கு ஆடறீங்க."

மணிக்கட்டின் அந்தப் பழக்கத்தை விட இரண்டு வருடம் ஆனது. பயிற்சிக் கட்டணத்தைக் கூட்டினால் புது செட்டே வாங்கியிருக்கலாம். விற்றவர் மேல் பெரிய கோபமில்லை, கேட்டதைக் கொடுத்தார். ஆனால் "எத்தனை நாளாக ஆடுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்றும் அது உறுத்துகிறது.

ஒன்றைக் கவனியுங்கள்: ரெகுலர், ஸ்டிஃப் என்ற பெயர்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஷாஃப்டில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பாமல் பத்துப் பந்தாவது அடித்துப் பார்த்து வாங்குங்கள். எடையையும் கேளுங்கள். ஸ்டீல் ஷாஃப்ட் சுமார் 90 முதல் 130 கிராம் வரை இருக்கும், கிராஃபைட் பெரும்பாலும் 50 முதல் 80 வரை. கடையில் இந்த வித்தியாசம் தெரியாது. பதினைந்தாவது குழிக்கு வரும்போது தெரியும்.

பதினாலும் வேண்டும் என்று நினைப்பது

பையில் 14 கிளப் வரை வைக்கலாம் என்பது விதி. அது உச்சவரம்பு. 1930களில் இருபதுக்கு மேல் சுமந்து வந்தவர்கள் இருந்ததால்தான் 1938இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் இந்த வரம்பைக் கொண்டுவந்தது. முதல் வருடத்துக்கு ஏழு போதும்: ஒரு டிரைவர் அல்லது 5 வுட் (தூரம் அடிக்க), ஒரு ஹைப்ரிட் (வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்டது), 7, 9 அயர்ன்கள், பிட்சிங் வெட்ஜ் (குறுந்தூரத்துக்கு), சாண்ட் வெட்ஜ் (மணல் குழிக்கு), புட்டர் (குழிக்குள் உருட்ட). 3 அயர்ன் பக்கமே போகாதீர்கள். என்னுடையதன் முகத்தில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை.

எண்ணை நம்புவது

பழைய செட்டுகளில் 7 அயர்னின் லாஃப்ட் (தலை முகத்தின் சாய்வு; குறைந்தால் பந்து தாழ்வாக, தூரமாகப் போகும்) 35 டிகிரியை ஒட்டி இருந்தது. இப்போது புதியவர்களுக்கென்று வரும் பல செட்டுகளில் அது 30, அதற்கும் கீழே. நண்பரின் 7 அயர்ன் உங்களுடையதைவிடத் தூரம் போனால் அவருக்குப் பலம் அதிகம் என்று அர்த்தமில்லை. செட் முழுவதும் லாஃப்ட் இப்படிக் குறைவதால் குறுந்தூரக் கிளப்புகளிடையே ஒரு பள்ளம் விழும். பிட்சிங் வெட்ஜ் 44 டிகிரி, தனியாக வாங்கிய சாண்ட் வெட்ஜ் 56 என்றால் இடையில் 12 டிகிரிக்கு எதுவுமே இல்லை. செட்டின் பிட்சிங் வெட்ஜ் எத்தனை டிகிரி என்று கேட்காமல் வேறு வெட்ஜ் வாங்காதீர்கள்.

டிரைவர்

லாஃப்ட் ஒன்பது டிகிரி வேண்டாம். பத்தரை, கிடைத்தால் பன்னிரண்டு.

உயரத்தை மட்டும் சொல்லி வாங்குவது

ஒரே உயரமுள்ள இருவருக்குக் கை நீளம் வேறாக இருக்கும். நிமிர்ந்து நின்று, மணிக்கட்டிலிருந்து தரை வரை அளந்து சொல்லுங்கள். கூடவே, கிளப்பின் அடியில் ஒரு டேப் ஒட்டிப் பலகை மேல் நாலு அடி அடித்துப் பார்க்கலாம். தேய்மானம் ஷாஃப்ட் இருக்கும் பக்கமாக விழுந்தால் அந்தக் கிளப் உங்களுக்கு அளவுக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். பல அயர்ன்களை வளைத்துச் சரிசெய்து தருவார்கள், ஆகவே அதற்காக நல்ல செட்டைத் தள்ளிவிட வேண்டாம்.

பழைய செட்டில் தலையை மட்டும் பார்ப்பது

பழையது வாங்குவது புத்திசாலித்தனம்தான். கிரிப்பை (கைப்பிடி உறையை) தடவிப் பாருங்கள். இறுகி வழுக்கினால் எல்லாவற்றையும் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டுங்கள். தலையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் வேண்டாம்.

கையுறை, தூரமானி, பேர் பொறித்த பை

பிறகு.

அந்த இளைஞரிடம் என் 7 அயர்னைக் கொடுத்தேன். ஐந்தாவது பந்து உயரமாக எழும்பி இடப்பக்கம் இறங்கியது. இரண்டு மாதப் பழக்கம்தானே, சீக்கிரம் போய்விடும் என்றேன். கையிலிருக்கும் பிளேடுகளை என்ன செய்வது, விற்றுவிடலாமா என்று கேட்டார். விற்றுவிடுங்கள் என்று உடனே சொல்லிவிட்டேன். என்னுடையது இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்து வைக்கிறேன். பார்க்க அவ்வளவு அழகு.