மட்டக்களப்புக் கடையில் சாப்பிடும்போது விடுகிற பிழைகள்

கொழும்பிலிருந்து வந்த மச்சான் ஒருவன் பாசிக்குடாவில் ஆசை தீரக் குளித்துவிட்டு வாழைச்சேனையில் சோற்றுக் கடை தேடிப் போனபோது மணி இரண்டே முக்கால். "சோறு இரிக்கி மனே, கறிதான் முடிஞ்சிது" என்றாராம் கடைக்காரர். ஆறிப்போன பருப்பையும் ஒரு துண்டு சூரை மீனையும் தின்றுவிட்டுப் போனவன், மட்டக்களப்புச் சாப்பாடு சரியில்லை என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறான்.

கடைக்காரர் என்ன செய்வார்? எங்கட பக்கத்துச் சோற்றுக் கடைகளில் சமையல் காலையிலேயே முடிந்துவிடும். பதினொன்றரைக்குச் சட்டிகள் முன்னுக்கு வரும். ஒரு மணிக்குள் போனால் இறாலும் கணவாயும் கிடைக்கும். பிந்தினால் மீன் பொரியல். இன்னும் பிந்தினால் மச்சானின் கதைதான். அதோடு, தேங்காய்ப் பாலில் வைத்த சொதியும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் எங்கட வெக்கையில் நெடுநேரம் தாங்காது. பின்னேரம் அவற்றை மணந்து பார்க்காமல் சோற்றில் ஊற்றாதீர்கள். சூரையிலும் கவனம் வேண்டும். பிடித்தவுடன் ஐஸில் போடாத சூரையில் ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. வாயில் விறுவிறுப்பு ஏறினால், முகம் சிவந்து சுட்டால், அந்தத் துண்டை அப்படியே ஒதுக்கிவிட வேண்டும். உறைப்பு என்று நினைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டு தின்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

மெனு கார்ட்டைப் பார்த்து மீன் கேட்பது அடுத்த பிழை. கார்ட்டில் அறுக்குளா வருடம் முழுக்க இருக்கும். கடல் அப்படியல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றும் மழையும் தொடங்கினால் தை வரைக்கும் எங்கட கடல் குழம்பித்தான் கிடக்கும். தோணிகள் பல நாள் கரையில் இருக்கும். அந்த நாளில் அறுக்குளா கேட்டால் எத்தனையோ நாள் ஐஸில் கிடந்ததுதான் தட்டுக்கு வரும். "இண்டைக்கு என்ன மீன் வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒட்டியோ பாரையோ வந்திருக்கும், வாவி இறால் இருந்தாலும் இருக்கும். ஒட்டியில் முள் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒட்டிச் சொதியின் ருசி தெரியாது, அவ்வளவுதான். விலையும் அறுக்குளாவைவிடக் குறைவு.

நண்டில் நான் பட்டதைச் சொல்கிறேன். தெற்கே, அம்பாறைப் பக்கத்து அறுகம்பேயில் வெள்ளைக்காரர் நிரம்பிய சீசன் நேரம், கடற்கரையோரக் கடை ஒன்றில் விலை கேட்காமல் இரண்டு நண்டு சொன்னேன். கார்ட்டில் இருந்தது 100 கிராமுக்கான விலை என்பது பில் வந்த பிறகுதான் விளங்கியது. கூட வந்த தம்பி அந்தக் கிழமை முழுக்க என்னை "நண்டுக்காரர்" என்றுதான் கூப்பிட்டான். இப்போது சமைக்க முதல் நிறுக்கச் சொல்லி, மொத்தமாக எவ்வளவு என்று வாயால் கேட்டுக்கொள்கிறேன். கையில் தூக்கியும் பார்க்கிறேன். பருமனாக இருந்தும் கனமில்லையென்றால் உள்ளே சதை இருக்காது. நிலாக் காலத்து நண்டு கோது என்று வாவிக்காரர் சொல்வார்கள். விலை கட்டாது என்றால் மூன்று கிலோமீற்றர் தள்ளிப் பொத்துவில் ரவுணுக்குப் போங்கள். ஊர்ச் சனம் சாப்பிடுகிற கடைகள் அங்கேதான்.

தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்ததும் ரோல்ஸ், பற்றிஸ், வடை எல்லாம் ஒரே தட்டில் வந்து முன்னால் உட்காரும். இந்தியாவிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் அதைக் கடைக்காரரின் உபசரிப்பு என்றே நினைத்துவிட்டார்! இன்னொருவர், வைத்ததை மிச்சம் விடக்கூடாது என்று ஏழெட்டையும் கஷ்டப்பட்டு முடித்தார். எடுத்ததை மட்டும் எண்ணித்தான் காசு வாங்குவார்கள். ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு வைக்காதீர்கள். மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும்.

நாளும் பார்க்க வேண்டும். காத்தான்குடியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டிக் கிடக்கும். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாடு தேடி அலைய வேண்டாம், பொழுதுபட்ட பிறகு போனால் ஊரே சாப்பாட்டுக் கடையாக இருக்கும். தமிழ் ஊர்களில் வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சமைக்கிற கடைகளும் உண்டு. முஸ்லிம் கடையில் பியர் இருக்கிறதா என்று கேட்டு அந்தக் காக்காவை (அண்ணனை) சங்கடப்படுத்தாதீர்கள்.

பகலில் கொத்து ரொட்டி கேட்பவர்களும் இருக்கிறார்கள். ரொட்டியைக் கொத்தித் தகரம் தட்டுகிற சத்தம் பொழுதுபட்டுத்தான் கேட்கும்.

தயிருக்கு வருவோம். எருமைத் தயிரை மண்சட்டியில்தான் வாங்க வேண்டும். சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால்தான் அது கரண்டியால் வெட்டி எடுக்கிற மாதிரி இறுகி நிற்கிறது. நண்டுக் கறிச் சோற்றுக்கு மேலேயே ஊற்றிப் பிசைந்தால் நண்டும் கெட்டது, தயிரும் கெட்டது. கையைக் கழுவிவிட்டு, வேறு கோப்பையில், சீனியோ கித்துள் பாணியோ போட்டுச் சாப்பிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோவதானால் காரின் பின் சீற்றில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மன்னம்பிட்டி தாண்டுவதற்குள் என் சட்டி ஒன்று கவிழ்ந்து, காரின் மணம் போக ஒரு மாதம் எடுத்தது.