சீனாவுக்குப் படிக்கப் போகும் குமரிப் பிள்ளைகளுக்கு: சீனம் பேச முதல் படிகள்

மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் என்று நம்ம மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்து டாக்டருக்குப் படிக்க சீனா போனாலும் முதலில் காதில் விழுவது ஒரே வாக்கியம்தான்: "வகுப்பு இங்கிலீஷ்ல தான், மொழி பத்தி கவலையே வேண்டாம்." அதை நம்பி விமானம் ஏறாதீர்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் விடுதிக் காவலாளியும் கேன்டீன்காரரும் பேசுவது சீனம்தான், பிற்பாடு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியும் அப்படித்தான். 2022 செப்டம்பரில் பெய்ஜிங்கில் உள்ள இந்தியத் தூதரகம் வெளியிட்ட அறிவுறுத்தலிலேயே, மருத்துவ மாணவர்கள் ஹெச்எஸ்கே என்ற சீனமொழித் தேர்வின் நான்காம் நிலை அளவுக்கு மொழி கற்றாக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பழைய பாடத்திட்டப்படி முதல் நிலைக்கு 150 சொற்கள், நான்காம் நிலைக்கு 1200. அதனால் விசா வரும்வரை சும்மா இருக்காமல் இன்றைக்கே வாயைத் திறந்து பழக ஆரம்பியுங்கள்.

எழுத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது அப்புறம். முதலில் காது, வாய். இந்த இரண்டுக்கும் குமரிக்காரர்களுக்கு ஏற்கெனவே நல்ல முதலீடு இருக்கிறது, அதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: பின்யினை இங்கிலீஷாக வாசிக்காதீர்கள்

சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறைக்குப் பெயர் பின்யின், 1958-இல் சீன அரசு ஏற்றுக்கொண்டது. எல்லாப் பாடநூலும் அதில்தான் தொடங்கும். நம்மவர்கள் அதைப் பள்ளிக்கூட இங்கிலீஷ் மாதிரியே வாசிக்கிறார்கள், அங்கேதான் உச்சரிப்பு கெடுகிறது. பின்யினில் இருக்கும் "பி, டி, ஜி (b, d, g)" எழுத்துகள் இங்கிலீஷின் அதிரும் ஒலிகள் இல்லை. பல் என்பதில் வரும் ப, தலை என்பதில் வரும் த, கடல் என்பதில் வரும் க, இவைதான் அவை. "ஜே" எழுத்தும் ஜ இல்லை, பச்சை என்பதில் வரும் ச்ச. ஆக, தமிழ் வாய்க்கு இந்த வரிசை இலவசம்.

இன்னொரு வரிசை மூச்சை ஊதிச் சொல்ல வேண்டியது. தமிழில் அதற்கு எழுத்தில்லை, ஆனால் விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீட்டில் மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒரு பாட்டியோ மாமியோ இருப்பார்கள். மலையாளத்தில் க, ச, த, ப வரிசைகளில் இரண்டாவது எழுத்தை அழுத்தமாகச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள், ஏறக்குறைய அதுதான். கடையில் கொடுக்கும் மெல்லிய பில் தாளை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், தாள் ஆடினால் ஒலி சரி. இந்தக் கட்டுரையில் அப்படி ஊத வேண்டிய அசைக்கு முன்னால் ’ குறி போட்டிருக்கிறேன். அசைக்குப் பின்னால் வரும் எண் தொனியை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும், அதைப் படி 2-இல் பார்ப்போம். "பாவ்3 ல" என்றால் வயிறு நிறைஞ்சாச்சு, "’பாவ்3 ல" என்றால் ஓடிப்போயாச்சு. கேன்டீனில் சோறு போதும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் தாள் ஆடக் கூடாது.

அப்புறம் நம்ம ழ. சீனம் படிக்க வரும் பல நாட்டுப் பிள்ளைகள் முக்கித் தவிக்கும் பின்யினின் "ஆர்" ஒலி, நம்ம ழகரத்துக்கு மிகவும் நெருக்கம். மனிதன் என்பதற்கு ழென்2, இரண்டு என்பதற்கு அழ்4. ஷ என்பதையும் நாக்கை மேலே மடித்து அதே இடத்திலிருந்து சொன்னால் போதும். பின்யினின் "எக்ஸ்" எழுத்து அதற்கு நேர்மாறு: நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லின் பின்னால் வைத்துக்கொண்டு, சிரிப்பு என்று சொல்லும்போது வரும் சி. நன்றி சொல்லும் "சியெ4 சியெ" அதில்தான் வருகிறது.

சொல்லின் முடிவில் "என் ஜி" வந்தால் க் சேர்க்கக் கூடாது. மேற்குப் பக்கம் தேங்காயைத் தேங்ஙா என்று சொல்கிறோமே, அந்த ங்ங. நமக்கு உண்மையிலேயே புதிதாக இருக்கும் உயிரொலி ஒன்று உண்டு: ஈ என்று நீட்டிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவியுங்கள். மீனுக்கான யூ2 என்ற சொல் அப்படித்தான் வரும், அதனால் இதை விட்டுவிட நம்மால் முடியாது.

படி 2: தொனி

நான்கு தொனி, கூடவே எடுப்பில்லாத ஒன்று. எண் 1 உயரத்தில் ஒரே சீராக நீட்டுவது. 2, போனில் சரியாகக் கேட்காதபோது "ஆ?" என்று மேலே ஏற்றுவோமே, அது. 3 தொண்டையின் அடியில் தாழ்ந்து கிடப்பது. 4, "போ!" என்று வெடுக்கென்று மேலிருந்து இறக்குவது. எண் போடாத அசையை லேசாகத் தொட்டுவிட்டுப் போங்கள்.

தொனி மாறினால் பொருளே மாறிவிடும். மாய்3 வாங்குவது, மாய்4 விற்பது. ’தாங்1 சூப், ’தாங்2 சர்க்கரை. தனித்தனி அசையாக மா, மா, மா என்று உருப்போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, இரண்டிரண்டு அசை உள்ள சொற்களாகப் பழகினால்தான் பேச்சில் நிற்கும். அதோடு, மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாகிவிடும்: நி3 ஹாவ்3 என்று எழுதியிருக்கும், வாயில் நி2 ஹாவ்3 என்று வரும். நாம் கேள்வி கேட்டால் வாக்கியத்தின் கடைசியை இழுத்து ஏற்றுவோம், நாகர்கோவில் பேச்சில் அந்த இழுவை கொஞ்சம் கூடுதல். சீனத்தில் அப்படி இழுத்தால் கடைசிச் சொல்லின் தொனி கெட்டு வேறு சொல் ஆகிவிடும், கேள்விக்கு அங்கே தனியாக ஒரு அசை இருக்கிறது.

படி 3: வாக்கியம் கட்டுவது

அந்த அசை "மா". நம்ம ஆ மாதிரி கடைசியில் ஒட்டிக்கொள்ளும். "நி3 ஷ்ழ்4 சுயே2 ஷெங் மா" என்றால் நீ மாணவனா. இன்னும் எளிது, நாம் பேசுகிற அதே முறை: யாவ்4 பு யாவ்4, வேணுமா வேண்டாமா. யோவ்3 மெய்2 யோவ்3, இருக்கா இல்லையா. "என்னுடைய" என்பதற்கு வொ3 த, நம்மைப்போலவே உடைமை ஒட்டு பின்னால்தான் வருகிறது. எப்போது, எங்கே என்பதும் வினைக்கு முன்னால்தான். வினை யாருக்காகவும் மாறாது, அவன் அவள் எல்லாமே பேச்சில் ’தா1. ஒரே ஒரு இடத்தில் கவனம்: எதை என்பது வினைக்குப் பின்னால் போகும். நான் சோறு சாப்பிடுகிறேன் என்பது அங்கே நான், சாப்பிடு, சோறு என்ற வரிசை.

படி 4: கேன்டீனும் கடையும்

கேன்டீனில் பரிமாறும் அம்மாவை ஆ1 யி2 என்று கூப்பிடுங்கள். நம்ம ஊரில் முன்பின் தெரியாதவரையும் மாமி, அக்கா என்று கூப்பிடுவோமே, அதே மரியாதை. டிரைவர், எலக்ட்ரீஷியன் என்றால் ஷ்ழ்1 ஃபு. தட்டைக் காட்டி "வொ3 யாவ்4 ட்ஷெ4 க", எனக்கு இது வேணும். காரம் வேண்டாம், பு2 யாவ்4 லா4. வெறும் சோறு மி3 ஃபான்4. கோழி ச்சி1 ழோவ்4, மாடு நியோ2 ழோவ்4. முன்னால் எதுவும் சேர்க்காமல் வெறுமனே ழோவ்4 என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பன்றி, சாப்பிடாதவர்கள் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். இறைச்சியே வேண்டாம் என்றால் வொ3 பு4 ’ட்ஷ்ழ்1 ழோவ்4.

விலை கேட்க "துவோ1 ஷாவ் ’ச்சியென்2?" பதிலில் யுவான் என்று வராது, ’குவாய்4 என்றுதான் வரும். பழக்கடையில் சொல்லும் விலை கிலோவுக்கு இல்லை, ச்சின்1 என்ற அளவுக்கு, அது 500 கிராம். இது தெரியாதவர் எடை போட்ட பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து வீணாகச் சண்டைக்குப் போவார். பணம் கொடுக்கப் போனைத் தூக்கினால் "நி3 ஸாவ்3 வொ3?" என்று கேட்பார்கள், என் குறியீட்டை நீ ஸ்கேன் பண்ணுகிறாயா என்று அர்த்தம். மறுபக்கம் "வொ3 ஸாவ்3 நி3" என்றால் உங்கள் போனைக் காட்ட வேண்டும்.

எண்கள்: யி1, அழ்4, ஸான்1, ஸ்4, வு3, லியோ4, ’ச்சி1, பா1, ச்சியோ3, ஷ்ழ்2. பதினொன்று பத்து-ஒன்று, இருபது இரண்டு-பத்து, நம்ம கணக்குதான். சீனாவின் தென்பகுதிகளில் பலர் ஷகரத்தைச் ஸகரமாகவே சொல்வதால் நாலும் பத்தும் குழம்பும், அப்போது விரலைப் பாருங்கள். ஆறிலிருந்து பத்து வரைக்கும் ஒற்றைக் கையிலேயே காட்டுவார்கள்: பெருவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு, பெருவிரலும் சுட்டுவிரலும் என்றால் எட்டு.

போன் விஷயம் சுருக்கமாக: அங்கே கூகுளும் வாட்ஸ்அப்பும் சாதாரணமாகத் திறக்காது. பிளேகோ அகராதியை இங்கிருந்தே போட்டுக்கொண்டு போங்கள். வீசாட் என்ற செய்திச் செயலியை இந்தியாவில் 2020-இல் தடை செய்துவிட்டார்கள், அதனால் அதை அங்கே போன பிறகு போட்டுக்கொள்ளுங்கள். வீசாட்டில் வந்த செய்தியை அழுத்திப் பிடித்தால் மொழிபெயர்ப்பு வரும்.

படி 5: வார்டுக்கு

மேல் வகுப்பு வரும்வரை இதைத் தள்ளிப்போட வேண்டாம். உடம்புக்கு என்ன செய்யுது என்று கேட்க "நின்2 நா2 லி பு4 ஷு1 ஃபு?" நின்2 என்பது நீங்கள், வயதானவரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும். வலிக்குதா, ’தெங்2 மா. காய்ச்சல், ஃபா1 ஷாவ்1. புரியவில்லை என்றால் தலையாட்டிச் சமாளிக்காமல் "வொ3 ’திங்1 பு தோங்3" என்று சொல்லிவிடுங்கள், நோயாளி விஷயத்தில் பாதி புரிந்தது ஆபத்து. முதியவர்கள் பலர் வட்டார மொழியில்தான் பேசுவார்கள். செச்சியாங், குவாங்தோங் மாகாணங்களில் அது வகுப்பில் படித்த சீனத்திலிருந்து ரொம்பவே விலகி இருக்கும். "நின்2 ஹ்வெய்4 ஷுவோ1 ’பு3 ’தோங்1 ஹ்வா4 மா?", பொதுச் சீனம் பேசுவீர்களா, என்று பணிவாகக் கேளுங்கள். முடியாது என்றால் பக்கத்தில் நிற்கும் மகனையோ மகளையோ கேளுங்கள், அவர்கள் அநேகமாக எடுத்துச் சொல்வார்கள்.