இறக்கத்தில் பஸ், ஏற்றத்தில் நடை

குன்னூரில் சிம்ஸ் பூங்கா பக்கம் வீடு, பஸ் ஸ்டாண்டு பக்கம் வேலை. காலையில் நடந்து இறங்கி, மாலையில் பஸ்ஸில் ஏறினேன். பத்தே நாளில் முட்டிச்சில்லுக்குக் கீழே வலி.

ஷூ மாற்றினேன், முட்டிக்கு உறை போட்டேன், தைலம் தேய்த்தேன். பலனில்லை. நான்கு நாள் ஓய்வில் வலி போனது, இறங்கியதும் திரும்பியது.

கவனித்தது இது: சந்தைக்குப் பஸ்ஸில் போய் ஐந்து கிலோ காய்கறியோடு நடந்து மேலேறிய ஞாயிறன்று வலியே இல்லை. இறங்கும்போது தொடைத்தசை நீண்டபடியே உடல் எடையைத் தடுத்து நிறுத்துகிறது. முட்டிச்சில்லில் அழுத்தம் கூடுகிறது. மூச்சு வாங்காததால் 'லேசான நடை' என்று ஏமாந்துவிடுகிறோம்.

திருப்பிப் போட்டேன். காலையில் பஸ், மாலையில் இடையிலுள்ள பெட்போர்டு பகுதி வழியாக நடந்து ஏற்றம். முதல் வாரம் பெட்போர்டு வரை மட்டும், பிறகு முழுதும். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். அரை மணி வீதம் ஐந்து நாள்: உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடம் சரியாகிவிடுகிறது. மூன்றாம் வாரம் வலி இல்லை.

இறங்கியே ஆகணும் என்றால் குட்டி அடி, முட்டி லேசாக மடங்கி. டிசம்பரில் ஆறரைக்கே இருட்டு. டார்ச் வேண்டும், காட்டெருமை நின்றால் வந்த வழியே திரும்பணும்.